பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷமா? குட்டி எஸ்.எஸ்.டி வெச்சு ஹார்ட் டிஸ்க்கை ஓட வைக்கலாம்... ஆனா, யாருக்கு இது சரிப்படும்?

வீட்டு மூலையில ஒரு பழைய டெஸ்க்டாப், மேல ஒரு துண்டு போட்டு மூடிக் கிடக்கா? அதைக் கொஞ்சம் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருக்கிற லேபிளைப் படிச்சுப் பாருங்க. அது ஹெச்.சி.எல் கம்ப்யூட்டரா இருந்தா, தயாரிக்கப்பட்ட இடம்னு 'சேதராப்பட்டு, புதுச்சேரி' என்ற முகவரி இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆமாங்க, நம்ம வில்லியனூர் கொம்யூன்ல இருக்கிற அதே சேதராப்பட்டுதான். இந்தியா முழுக்க ஆபீஸ், பேங்க், ஸ்கூல்னு போய் உட்கார்ந்த பல கம்ப்யூட்டர்கள் இங்கிருந்துதான் லாரி ஏறின. 2013-ல் ஹெச்.சி.எல் இன்ஃபோசிஸ்டம்ஸ் கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்து விலகுறதா அறிவிச்சுது. தயாரிப்பு நின்னாலும், அப்போ செஞ்ச பெட்டிகள் இன்னும் நிறைய வீடுகள்ல மூச்சு வாங்கிட்டு ஓடிட்டிருக்கு.

இன்னொரு பக்கம், லெனோவோ கம்பெனி தன்னோட புதுச்சேரி ஆலையில வருஷத்துக்கு 50,000 ஏ.ஐ சர்வர்கள் தயாரிக்கப் போறதா 2024 செப்டம்பர்ல அறிவிச்சிருக்கு. அதே புதுச்சேரியில, சென்டாக் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்னிக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு, அந்த வட்டம் சுத்திச் சுத்தி முடியுறதுக்குள்ள போய் சாப்பிட்டுட்டே வந்துடுது. போன்லயே ஃபில் பண்ணிடலாம்தான். ஆனா சர்டிஃபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணி, சைஸ் குறைச்சு, பி.டி.எஃப் ஆக்கணும்னு வரும்போது போனை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டுனவங்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

"புதுசு வாங்கிடு"ன்னு சொல்றது ரொம்ப ஈஸி. 30,000, 40,000 ரூபாயை யார் எடுத்து வெப்பாங்க? அதனால முதல்ல, அந்தப் பெட்டி ஏன் இப்படித் தூங்குதுன்னு பார்த்துடலாம்.

குற்றவாளி பெரும்பாலும் ஒரே ஆளுதான்

உங்க போன் 'டக்'னு திறக்குறதுக்கு ஒரு முக்கியக் காரணம், அதுல ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃப்ளாஷ் மெமரி மட்டும்தான். உள்ள சுத்துற பாகம் எதுவும் இல்ல. பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற ஹார்ட் டிஸ்க் அப்படி இல்ல. அதுக்குள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு தட்டு சுத்திட்டே இருக்கும். அதுக்கு மேல ஒரு சின்னக் கை, பழைய ரெக்கார்டு பிளேயர் முள் மாதிரி, முன்னும் பின்னும் நகர்ந்து டேட்டாவைப் படிக்கும்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுத்துறவை. கேட்க வேகமாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட் ஆகுது. நமக்கு வேண்டிய டேட்டா முள்ளுக்குக் கீழ வர சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும். அது 5.5 மில்லி செகண்ட். முள் சரியான இடத்துக்கு நகர்றதுக்கு இன்னொரு 11, 12 மில்லி செகண்ட். மொத்தம் 17-னு வெச்சுக்குவோம். அப்படின்னா ஒரு செகண்டுக்குச் சுமார் 60 தடவைதான் அது "இந்தாங்க"ன்னு எடுத்துக் கொடுக்க முடியும்.

ஒரே பெரிய சினிமா ஃபைலைப் படிக்கிறதா இருந்தா பிரச்னை இல்ல. முள் ஒரு இடத்துல உட்கார்ந்து வரிசையா படிச்சுட்டே போகும், செகண்டுக்கு 100 எம்.பி கூட வரும். ஆனா விண்டோஸ் ஆன் ஆகுறப்போ நடக்கிறது வேற. ஆயிரக்கணக்கான துண்டு துண்டு ஃபைல்கள், தட்டு முழுக்க அங்கங்க சிதறிக் கிடக்கும். 10,000 துண்டுகளைப் பொறுக்கணும்னு வைங்க. ஒண்ணுக்கு 17 மில்லி செகண்ட் வீதம், 170 செகண்ட். கிட்டத்தட்ட மூணு நிமிஷம் முள் அலையுறதுக்கே போயிடுது. இதே வேலையை எஸ்.எஸ்.டி செஞ்சா? அதுல தட்டும் இல்ல, முள்ளும் இல்ல. ஒரு துண்டுக்கு 0.1 மில்லி செகண்ட் ஆனாலும், 10,000 துண்டுக்கு ஒரே ஒரு செகண்டுதான்.

உங்க கம்ப்யூட்டர்லயும் இதுதான் பிரச்னையான்னு கண்டுபிடிக்க, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துல 'டிஸ்க்' 100 சதவிகிதத்துலயே நிக்குது, 'சி.பி.யு' மட்டும் 10, 15-ல சும்மா உட்கார்ந்திருக்குன்னா, புராசஸர் மேல தப்பில்ல. அது பாவம், ஹார்ட் டிஸ்க் எப்போ கொடுக்கும்னு காத்துக்கிட்டு நிக்குது.

அரிசி மூட்டையும் அடுப்படி டின்னும்

சரி, ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டு அவ்வளவு பெரிய எஸ்.எஸ்.டி வாங்கிப் போட்டா முடிஞ்சுது. ஆனா பத்து, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அது நடக்கிற காரியமா இல்ல. 2011-ல் இன்டெல் ஒரு 20 ஜி.பி எஸ்.எஸ்.டி விட்டுச்சு. 20 டி.பி இல்ல, 20 ஜி.பி! விலை சுமார் 110 டாலர். அன்னிக்கு டாலர் மதிப்புல ஏறக்குறைய 5,000 ரூபாய். இன்னிக்கு உங்க வாட்ஸ்அப் குரூப் வீடியோக்களே அதுல அடங்காது. அப்புறம் யார் அதை வாங்கினாங்கன்னு கேட்டா, அதை டேட்டா சேர்த்து வெக்கிறதுக்காக விக்கவே இல்ல. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு துணையா வித்தாங்க. அந்த யோசனைக்குப் பேருதான் 'கேச்'.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம்னு சொல்வாங்க. அங்க ஒரு விவசாயி வீட்டை நினைச்சுப் பாருங்க. பின்கட்டு அறையில மூட்டை மூட்டையா அரிசி இருக்கு. அதுக்காக ஒவ்வொரு வேளைக்கும் அம்மா பின்கட்டுக்குப் போய், மூட்டையை இறக்கி, சணல் பிரிச்சு, ஒரு படி அள்ளிட்டு, திரும்பவும் கட்டி வெப்பாங்களா? அடுப்படியில ஒரு டின் இருக்கும். ரெண்டு, மூணு நாளைக்கு வேணுங்கிறது அதுல. தினமும் கை போறது அந்த டின்னுக்குத்தான். மூட்டை ஹார்ட் டிஸ்க். டின் குட்டி எஸ்.எஸ்.டி.

டின்னுல எதைப் போடணும், எதைப் போடக் கூடாதுன்னு அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். புழுங்கலரிசி தினமும் வேணும், அது டின்ல இருக்கும். பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற பச்சரிசிக்கு அங்க இடமில்ல. கேச் மென்பொருள் செய்யறதும் அச்சு அசலா அதேதான். நீங்க எந்தெந்தத் துண்டைத் திரும்பத் திரும்பக் கேக்குறீங்கன்னு அது பார்த்துட்டே இருக்கும். விண்டோஸோட ஆரம்ப ஃபைல்கள், தினமும் திறக்கிற பிரவுசர், டேலி, போட்டோஷாப்... இதையெல்லாம் ஒரு நகல் எடுத்து எஸ்.எஸ்.டி-யில வெச்சுக்கும். அடுத்த தடவை கேக்கும்போது ஹார்ட் டிஸ்க்கை எழுப்பாது. இடம் நிரம்பிட்டா, ரொம்ப நாளா யாரும் தொடாததை வெளியே தள்ளிட்டு புதுசை உள்ளே விடும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. வீட்டுல கல்யாணம், 500 பேருக்குச் சமையல்னா, அடுப்படி டின்னை யாராவது தொடுவாங்களா? மூட்டையை நேரா பந்தலுக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பாங்க. நல்ல கேச் மென்பொருளும் அப்படித்தான். நீங்க 2 ஜி.பி படம் பார்த்தா, அதைக் குட்டி எஸ்.எஸ்.டி-க்குள்ள திணிக்காது. வரிசையா படிக்கிறதுல ஹார்ட் டிஸ்க்கே கெட்டிக்காரன்தானே! லினக்ஸ்ல இருக்கிற 'பி-கேச்' இதுக்கு ஒரு எல்லையே வெச்சிருக்கு. தொடர்ச்சியா 4 எம்.பி-யைத் தாண்டினா, இது பந்திக்குப் போற மூட்டைன்னு முடிவு பண்ணி ஹார்ட் டிஸ்க்குக்கே விட்டுடும். நாம வேணும்னா அந்த எல்லையை மாத்திக்கலாம்.

அதனாலதான் கேச் போட்ட முதல் நாள் ஒரு வித்தியாசமும் தெரியாது. டின் இன்னும் காலி. ரெண்டு, மூணு தடவை ஆன் பண்ணி, வழக்கமான வேலைகளைச் செஞ்ச பிறகுதான் வேகம் பிடிக்கும். "காசு போச்சே"ன்னு முதல் நாளே கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க.

90 சதவிகிதத்துக்கும் 50 சதவிகிதத்துக்கும் எவ்ளோ தூரம்?

இதுல ஒரு கணக்கு, போட்டுப் பார்த்தா கொஞ்சம் ஆச்சர்யமா இருக்கும். நாம முன்னாடி எடுத்துக்கிட்ட அதே 10,000 துண்டுகள். அதுல 9,000 எஸ்.எஸ்.டி-யில கிடைச்சுடுது, 1,000-க்கு மட்டும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகணும்னு வைங்க. எஸ்.எஸ்.டி-க்கு ஒரு செகண்ட் கூட ஆகல. ஹார்ட் டிஸ்க்குக்கு 17 செகண்ட். மொத்தம் 18 செகண்ட். 170 எங்கே, 18 எங்கே!

இப்போ டின் ரொம்பச் சின்னது, பாதிதான் கிடைக்குதுன்னு வைங்க. 5,000 துண்டுக்கு ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடணும். 85 செகண்ட். காத்திருப்பு பாதிதான் குறைஞ்சிருக்கு. அதாவது, பாதி கேச் ஆனா பாதி லாபம். 90 சதவிகிதம் கேச் ஆனாதான் ஒன்பது மடங்கு வேகம். மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்சம்தான் நேரத்தையெல்லாம் தின்னுது. குட்டி எஸ்.எஸ்.டி-ன்னு சொல்றோமே, எவ்வளவு குட்டி ஓகேங்கிற கேள்விக்குப் பதில் இதுலதான் இருக்கு. ஒரே மாதிரி வேலையைத் தினமும் செய்யற ஒருத்தருக்கு 32 ஜி.பி தாராளம். நாலு பேர் உட்கார்ந்து நாலு விதமா, அதுல ரெண்டு பேர் வேற வேற கேம் ஆடுற வீட்டுல 64 கூட திணறும்.

ஒரு காலத்துல இது பெரிய ஃபேஷன்

விண்டோஸ் விஸ்டா 2007-ல வந்தப்போ 'ரெடிபூஸ்ட்'னு ஒண்ணு வந்துச்சு. பென்டிரைவைச் சொருகினா கம்ப்யூட்டர் வேகமாகும்னு ஊரெல்லாம் பேச்சு. ரேம் ரொம்பக் குறைவா இருந்த கம்ப்யூட்டர்ல கொஞ்சம் உதவிச்சு. மத்தபடி அது பென்டிரைவ் வேகம்தானே! 2010-ல் சீகேட், 500 ஜி.பி ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே 4 ஜி.பி ஃப்ளாஷை வெச்சு 'மொமென்டஸ் எக்ஸ்.டி'ன்னு வித்துது. 2011 மே மாசம் இன்டெல், 'ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ்'ங்கிற வசதியை 'இசட் 68' சிப்செட்டோட கொண்டுவந்துச்சு. அதிகபட்சம் 64 ஜி.பி வரைக்கும் கேச்சா வெச்சுக்கலாம். நான் சொன்ன அந்த 20 ஜி.பி, இதுக்காகவே பொறந்தது. அடுத்த வருஷம் ஆப்பிள் 'ஃப்யூஷன் டிரைவ்'னு, 128 ஜி.பி எஸ்.எஸ்.டி-யையும் 1 டி.பி ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே டிரைவ் மாதிரி காட்டிச்சு. அது நகல் எடுக்கிற கேச் இல்ல, அடிக்கடி தொடுறதை நிஜமாவே எஸ்.எஸ்.டி-க்கு இடம் மாத்துற வேற டெக்னிக். கடைசியா 2017-ல் இன்டெல்லோட 'ஆப்டேன் மெமரி', 16, 32 ஜி.பி-யில. 2022-ல் ஆப்டேன் தொழிலையே மூடறதா இன்டெல் சொல்லிடுச்சு.

இந்தக் கதையில நமக்கு உபயோகமானது நடுவுல வர்ற ஒரு சமாசாரம். 2012, 13 வாக்குல வந்த மெல்லிசான லேப்டாப்கள் சிலதுல 500 ஜி.பி ஹார்ட் டிஸ்க்கோட 24 அல்லது 32 ஜி.பி-யில ஒரு குட்டி எஸ்.எஸ்.டி கம்பெனியிலேயே வெச்சுக் கொடுத்தாங்க. வாங்கினவங்க பல பேருக்கே அது தெரியாது. அப்புறம் ஒருநாள் வைரஸ் வந்து, கடையில கொடுத்து விண்டோஸை மறுபடி போட்டிருப்பாங்க. கேச் மென்பொருளை யாரும் திரும்பப் போட்டிருக்க மாட்டாங்க. அந்தக் குட்டி எஸ்.எஸ்.டி அன்னிலேருந்து சும்மா கிடக்கும். அண்ணன் காலேஜ் படிச்சப்போ வாங்கின அப்படி ஒரு லேப்டாப் வீட்டுல இருந்தா, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்க. ரெண்டாவதா 20 சொச்சம் ஜி.பி-யில ஒரு டிஸ்க் தெரிஞ்சா, ஒரு பைசா செலவில்லாம உங்களுக்கு டின் கிடைச்சாச்சு.

டெஸ்க்டாப் வெச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். நம்ம ஊர்ல பட்ஜெட் கம்ப்யூட்டர்கள்ல அதிகம் வந்தது 'ஹெச் 61' போர்டு. அதுல இன்டெல்லோட அந்த இலவச வசதி கிடையாது. அதுக்கு 'பிரைமோகேச்' மாதிரி காசு கொடுத்து வாங்குற மென்பொருள்தான் வழி. சோதனைக் காலம் உண்டு, அதுல ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். லினக்ஸ்காரங்களுக்கு எல்லாமே இலவசம். 'டி.எம்-கேச்', 'பி-கேச்' ரெண்டும் 2013-லிருந்து கெர்னல்லயே இருக்கு. ஆனா பி-கேச் அமைக்க பொதுவா ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் பண்ண வேண்டியிருக்கும். உள்ள இருக்கிறதை வேற எங்கயாவது எடுத்து வெக்காம அதுல கை வெக்காதீங்க.

திண்ணையில வெச்ச நெல்லு மூட்டை

இதுவரைக்கும் படிக்கிறதைப் பத்தி மட்டும்தான் பேசினோம். எழுதுறது? நீங்க ஒரு ஃபைலை சேவ் பண்ணா அது எங்க போகும்? இங்கதான் ரெண்டு வழி இருக்கு. தயவுசெஞ்சு இந்த இடத்தை மட்டும் ஸ்க்ரோல் பண்ணித் தாண்டிடாதீங்க.

முதல் வழி, 'ரைட் த்ரூ'. சேவ் பண்ணதும் எஸ்.எஸ்.டி, ஹார்ட் டிஸ்க் ரெண்டுலயும் எழுதிட்டுத்தான் "ஆச்சு"ன்னு சொல்லும். சேவ் பண்ற வேகம் கூடாது. ஆனா எஸ்.எஸ்.டி நாளைக்கே செத்துப்போனாலும் ஹார்ட் டிஸ்க்குல எல்லாம் பத்திரமா இருக்கும்.

ரெண்டாவது, 'ரைட் பேக்'. எஸ்.எஸ்.டி-யில மட்டும் சட்டுனு எழுதிட்டு "ஆச்சு"ன்னு சொல்லிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு அப்புறமா, நேரம் கிடைக்கும்போது கொண்டுபோய்ச் சேர்க்கும். களத்திலிருந்து வந்த நெல்லு மூட்டையைத் திண்ணையில இறக்கிட்டு, "சாயந்திரம் உள்ள எடுத்து அடுக்கிக்கலாம்"னு விடுற மாதிரி. அன்னிக்கு மழை வராத வரைக்கும் ஒண்ணும் ஆகாது.

நம்ம பக்கம் மழை வராம இருக்குமா? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 45 செ.மீ-க்கு மேல கொட்டிச்சு. அது போதாதுன்னு சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணையில வந்த வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள்ள புகுந்துச்சு. அந்த மாதிரி நாள்ல கரன்ட் எப்போ போகும், எப்போ வரும்னு யாரால சொல்ல முடியும்? புயலே வேண்டாம், சாதாரண மின்வெட்டே போதும்.

ஒண்ணு சொல்லணும். கரன்ட் போனதும் எஸ்.எஸ்.டி-யில இருக்கிறது அழிஞ்சுடாது. ஒழுங்கா எழுதப்பட்ட மென்பொருள் திரும்ப ஆன் ஆனதும் மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனா எழுதிட்டு இருக்கும்போதே கரன்ட் போனா, மலிவான எஸ்.எஸ்.டி-கள் சிலது அந்தக் கணத்துல குழம்பிப் போறது உண்டு. எஸ்.எஸ்.டி-யே செத்துட்டா இன்னும் மோசம். ஹார்ட் டிஸ்க்குல இருக்கிறது பாதிப் பழசு, பாதிப் புதுசு. முன் பக்கங்கள் இருக்கு, நடுவுல நாலு பக்கம் கிழிஞ்ச கணக்கு நோட்டு மாதிரி. சில சமயம் விண்டோஸ் அந்த டிஸ்க்கைத் திறக்கவே மறுத்துடும்.

என்னைக் கேட்டா, யு.பி.எஸ் இல்லாத டெஸ்க்டாப்புல 'ரைட் பேக்' வேண்டவே வேண்டாம். பேட்டரி நல்லா இருக்கிற லேப்டாப்னா யோசிக்கலாம். பழைய லேப்டாப்ல பேட்டரி நல்லா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க! இன்டெல் மென்பொருள்ல இதே ரெண்டுக்கும் 'என்ஹான்ஸ்டு', 'மேக்சிமைஸ்டு'ன்னு பேரு. 'மேக்சிமைஸ்டு'ங்கிற பேர் கவர்ச்சியா இருக்கும். அதுதான் திண்ணை. 'என்ஹான்ஸ்டு'ல விட்டுடுங்க.

அதோட, "எஸ்.எஸ்.டி-யில ஒரு நகல் இருக்கே, அப்போ பேக்கப் மாதிரிதானே"ன்னு சிலர் நினைச்சுக்கிறாங்க. இல்லவே இல்ல. டின்ல இருக்கிறது மூணு நாள் அரிசி. மூட்டை போச்சுன்னா வருஷச் சாப்பாடு போச்சு. அக்கா கல்யாண ஆல்பம், தாத்தாவோட கடைசி போட்டோ, பட்டா ஸ்கேன் பண்ணது, எல்லாத்துக்கும் வெளியில தனியா ஒரு நகல் இருந்தே ஆகணும். கேச் போடுறதுக்கு முன்னாடி 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'ங்கிற இலவச மென்பொருளை ஓட்டி, ஹார்ட் டிஸ்க் உடம்பு எப்படி இருக்குன்னு பாருங்க. மஞ்சள்ல 'காஷன்'னு வந்தா, வேகத்தைப் பத்தின பேச்சையே நிறுத்திட்டு முதல்ல டேட்டாவை எடுத்து வைங்க. சாகப்போற ஹார்ட் டிஸ்க்கும் இப்படித்தான் மெதுவா ஓடும். அதை கேச் கொஞ்ச நாள் மறைச்சு வெச்சுடும், அதுதான் ஆபத்து.

அப்போ நான் என்னதான் செய்யணும்?

இவ்வளவும் சொல்லிட்டு இதைச் சொன்னா திட்டுவீங்க. ஆனா உண்மை இதுதான். இன்னிக்குத் தேதியில பெரும்பாலானவங்களுக்குக் கேச் தேவையில்ல. 2011-ல் 20 ஜி.பி வாங்கின காசுக்குள்ளேயே இன்னிக்கு 240, 256 ஜி.பி எஸ்.எஸ்.டி கிடைச்சுடுது. விண்டோஸ், மென்பொருள்கள் எல்லாத்தையும் நேரா அதுல போட்டுட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைப் படம், பாட்டு, போட்டோ வெக்கிற மூட்டை அறையா மட்டும் வெச்சுக்கிறதுதான் சிம்பிள். எதை எங்க வெக்கணும்னு மென்பொருள் யோசிக்க வேண்டாம், நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. முதல் நாளிலிருந்தே வேகம். எஸ்.எஸ்.டி செத்தாலும் போட்டோக்கள் ஹார்ட் டிஸ்க்குல இருக்கும்.

டெஸ்க்டாப்புல இதுக்கு ஒரு சாட்டா கேபிளும் ஒரு பவர் கனெக்டரும் காலியா இருந்தா போதும். லேப்டாப்புல ஒரே ஒரு இடம்தானேன்னு கேப்பீங்க. பழைய லேப்டாப்ல டி.வி.டி டிரைவ் இருக்குல்ல, அதை யாராவது இப்போ திறக்குறாங்களா? அதைக் கழற்றிட்டு 'கேடி'ன்னு ஒரு சட்டகம் வாங்கிப் போடலாம். எஸ்.எஸ்.டி-யை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துல வெச்சுட்டு, ஹார்ட் டிஸ்க்கை அந்தக் கேடிக்கு மாத்திடணும். கேடி 9.5, 12.7 மி.மீ-ன்னு ரெண்டு தடிமன்ல வரும். டி.வி.டி டிரைவை அளந்து பார்த்துட்டு வாங்குங்க. இல்லன்னா ரெண்டாவது தடவை பஸ் ஏறணும்.

பாகூர்ல இருந்து எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்துல தமிழ்நாடு வந்துடும். உறவுக்காரங்க வீட்டுல தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இருக்கலாம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின திட்டம். ஆரம்பத்துல கொடுத்தது 320 ஜி.பி ஹார்ட் டிஸ்க், 2 ஜி.பி ரேம். அந்த மாதிரி லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி மட்டும் போட்டா முழுசா சரியாகாது, ரேமையும் 4 ஆக்கணும். ரேம் பத்தலைன்னா விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிச்சு, எஸ்.எஸ்.டி-யைப் போட்டுத் தேய்க்கும். பழைய போர்டுல சாட்டா வேகம் பாதிதான் வரும்னு கடையில சொன்னா கவலைப்படாதீங்க. அது பெரிய ஃபைலை காப்பி பண்றப்போ தெரியுற வித்தியாசம். துண்டு பொறுக்குற வேலையில நீங்க அதை உணரவே மாட்டீங்க.

இன்னொரு யதார்த்தம்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. இந்தப் பழைய பெட்டிகள்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எப்படியும் புது எஸ்.எஸ்.டி-யில புதுசா ஏதோ ஒண்ணு போடத்தான் போறீங்க. லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்களேன். பிரவுசரும் பி.டி.எஃப்பும்தான் உங்க வேலைன்னா ரெண்டு நாள்ல பழகிடும்.

அப்போ கேச் யாருக்குத்தான்? வில்லியனூர்ல ஒரு போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கீங்க, 2 டி.பி முழுக்கக் கல்யாண ஃபைல்கள், இந்த வாரம் எடிட் பண்றது ஒரு கல்யாணம், அடுத்த வாரம் இன்னொண்ணு. இதை ஒவ்வொரு வாரமும் கையால எஸ்.எஸ்.டி-க்கு மாத்திட்டிருக்க முடியாது. அவங்களுக்கு கேச் அருமையான ஏற்பாடு. 500 ஜி.பி-க்கு கேம்கள் இருக்கு, மாசத்துக்கு ரெண்டுதான் ஆடுவேன்னா, உங்களுக்கும். இல்ல, சும்மா கிடக்கிற 32 ஜி.பி எஸ்.எஸ்.டி கையில இருக்கு, இருக்கிற விண்டோஸைக் கலைக்க மனசில்லைன்னாலும் சரி.

அதுல ஒரு எச்சரிக்கை. கேச்சா இருக்கிற எஸ்.எஸ்.டி-யில ஓயாம எழுதிட்டே இருக்கும், சின்ன எஸ்.எஸ்.டி-க்குத் தேய்மானம் அதிகம். ஆனா பயப்படுற அளவுக்கு இல்ல. 40 டி.பி எழுதுற வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொல்ற ஒரு 120 ஜி.பி எஸ்.எஸ்.டி-யில தினமும் 10 ஜி.பி எழுதினாலும், பத்து வருஷத்துக்கு மேல வரும். 10,000 மணி நேரம் ஓடித் தேய்ஞ்ச செகண்ட்ஹேண்டை வாங்கினா அந்தக் கணக்கு செல்லாது. சண்டே மார்க்கெட்ல சட்டை வாங்கலாம், பழைய புத்தகம் வாங்கலாம். எஸ்.எஸ்.டி மட்டும் பில்லும் வாரன்டியும் கொடுக்கிற கடையில வாங்குங்க. ஆன்லைன்ல 2 டி.பி எஸ்.எஸ்.டி சில நூறு ரூபாய்னு வர்ற விளம்பரத்தைப் பார்த்தா சிரிச்சுட்டுக் கடந்துடுங்க. உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருப்பாங்க.

கேச் போட்டு ஓட்டிட்டிருக்கீங்க, ஒருநாள் அந்தக் குட்டி எஸ்.எஸ்.டி-யைக் கழற்றணும்னு வருதுன்னா, ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடி மென்பொருளைத் திறந்து கேச்சை 'டிஸேபிள்' பண்ணுங்க. திண்ணையில மிச்சம் இருக்கிறதெல்லாம் உள்ள போய்ச் சேர்ந்துச்சுன்னு அது சொல்ற வரைக்கும் காத்திருங்க. இன்டெல் வசதியைப் பயன்படுத்தியிருந்தா பயோஸ்ல 'ரெய்டு'ன்னு இருக்கிறதை 'ஏ.ஹெச்.சி.ஐ'ன்னு அவசரப்பட்டு மாத்திடாதீங்க, விண்டோஸ் நீலத் திரையில நின்னுடும். கடையில கொடுத்தாலும், "இதுல கேச் இருக்குண்ணே, நிறுத்திட்டுக் கழட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை முதல்லயே சொல்லிடுங்க. வெளியில இருந்து பார்த்தா, அந்த எஸ்.எஸ்.டி என்ன வேலை செய்யுதுன்னு அவருக்குத் தெரியாது.